பஹாய் நிர்வாகம் பற்றிய இணைய வாதங்கள்: பதில் எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியவை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈரானில் தோன்றிய பஹாய் சமயத்தைச் சேர்ந்தவர்களுக்கும் அவர்களுடைய சமய நிர்வாகத்தைக் குறை கூறுபவர்களுக்கும் இடையே இணையத்தில் நடக்கும் வாதங்களில் கலந்துகொள்பவர்கள் பொதுவாக நிறையப் படித்தவர்கள். தேதிகளும் மேற்கோள்களும் தடையின்றி வந்து விழும். ஆயினும் முப்பது பதில்களுக்குப் பிறகும் முதலில் கேட்கப்பட்ட கேள்வி அப்படியே நின்றுகொண்டிருக்கும். ஒருவர் 1957 ஆம் ஆண்டின் வாரிசுச் சிக்கலைப் பற்றிக் கேட்கிறார். மற்றவர் ஈரானில் தம் உறவினர்கள் பட்ட துன்பத்தை மனத்தில் வைத்து விடை எழுதுகிறார். மூன்றாமவர் நூல் வெளியிடுவதற்கு முன்னால் அனுமதி பெற வேண்டியிருக்கிறதே என்று வருந்துகிறார். மூன்றும் ஒரே இழையில் பின்னிக்கொள்கின்றன. இக்கட்டுரை நம்பிக்கையாளருக்கும் விமர்சகருக்கும், இருவரையும் படித்து ஒரு முடிவுக்கு வர விரும்பும் மூன்றாமவருக்கும் எழுதப்பட்டது. எந்தத் தரப்பு சரி என்று தீர்ப்பளிப்பது இதன் நோக்கமாக இல்லை. ஒரு வாதம் உண்மையில் எதைப் பற்றியது என்று கண்டறியும் வழியைச் சொல்வதே நோக்கம்.

எந்த வழக்கு என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

பஹாய் நிர்வாகத்தின் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகள் ஏறக்குறைய எல்லாமே மூன்று வகையில் ஒன்றைச் சேர்ந்தவை. முதலாவது, வாரிசுரிமை வழக்கு. இதை எழுப்புபவர் சமயத்தை நிறுவிய பஹாவுல்லாவை ஏற்றுக்கொண்டவர். இசுரேலின் ஹைஃபா நகரில் இன்று இருக்கும் தலைமை முறையாக வந்ததா என்பதே அவருடைய கேள்வி. இரண்டாவது, நடைமுறை வழக்கு. இதை எழுப்புபவர் தலைமையின் உரிமையை ஏற்றுக்கொண்டவராகவே இருக்கலாம். தேர்தல், தணிக்கை, பெண்களின் இடம், உறுப்பினர் நீக்கம் ஆகியவற்றில் அவருக்கு மனக்குறை இருக்கிறது. மூன்றாவது, சமயத்தையே மறுப்பவரின் வழக்கு. இதில் நேர்மையான இறையியல் மறுப்பும் உண்டு, ஈரானிய அரசின் பிரச்சாரமும் உண்டு. இவ்விரண்டையும் மீண்டும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இந்தப் பிரிவினையைச் செய்யாமல் பதில் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கமான காட்சி சான்றாகும். முன்பு உறுப்பினராக இருந்த ஒருவர் தம் கட்டுரையை வெளியிடுவதற்கு முன் மதிப்பாய்வுக்கு அனுப்பும்படி கேட்கப்பட்டதைக் குறை கூறுகிறார். அவருக்குப் பதில் எழுதும் நம்பிக்கையாளர் அவரை உடன்படிக்கையை முறித்தவர், அதாவது தலைமையை எதிர்த்துப் பிளவு உண்டாக்குபவர், என்று ஐயுறுகிறார். அந்த ஐயத்தைக் கண்டதும், அங்கே காத்திருந்த மற்றொருவர் இது ஒரு ரகசியக் குழு என்பதற்கு இதுவே சான்று என்கிறார். மூவரில் முதலாமவர் மட்டுமே கேள்வி கேட்டவர். அவருக்கு விடை கிடைக்கவில்லை. ஆகவே பதில் எழுதும் முன், எதிரில் இருப்பவர் பஹாவுல்லாவை ஏற்கிறாரா, அவருடைய மகனும் வாரிசுமான அப்துல் பஹாவின் உயிலை ஏற்கிறாரா, 1963 இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உலக நீதி மன்றத்தை (சமயத்தின் உச்ச நிர்வாகக் குழு இது, வழக்கு விசாரிக்கும் நீதிமன்றம் அல்ல) ஏற்கிறாரா என்ற மூன்று கேள்விகளையும் நேராகக் கேட்டுவிடுவது நல்லது. அவமதிப்பாகத் தோன்றாதபடி கேட்டால் பெரும்பாலானோர் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள்.

வாரிசுரிமை வாதத்துக்குத் தேவையான காலவரிசை

இந்த வகை வாதத்தில் தேதி தெரியாமல் இறங்குவது வீண். பஹாவுல்லா 1892 இல் மறைந்தபோது தம் உடன்படிக்கை நூலில் மூத்த மகன் அப்துல் பஹாவை நியமித்திருந்தார். அப்துல் பஹாவின் மாற்றாந்தாய்க்குப் பிறந்த தம்பி மிர்ஸா முகமது அலி அதை எதிர்த்தார். அப்துல் பஹா 1921 நவம்பர் 28 இல் மறைந்தார். அவருடைய உயிலும் சாசனமும் பேரன் ஷோகி எஃபெண்டியைச் சமயத்தை வழிநடத்தும் பாதுகாவலராக நியமித்தன. பாதுகாவலர் தம் வாழ்நாளிலேயே அடுத்தவரைக் குறிப்பிட வேண்டும் என்றும், அவரே உலக நீதி மன்றத்தின் நிரந்தரத் தலைவர் என்றும் அதே உயில் கூறுகிறது. ஷோகி எஃபெண்டி 1957 நவம்பர் 4 இல் இலண்டனில் காலமானார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. உயில் எதுவும் கிடைக்கவில்லை. சமயத் திருக்கரங்கள் எனப்பட்ட மூத்தவர்கள் இதை எழுத்தில் உறுதி செய்து, தங்களுள் ஒன்பது பேரை ஹைஃபாவில் பொறுப்பாளர்களாக வைத்தார்கள். 1963 ஏப்ரலில் நாட்டளவிலான நிர்வாகக் குழுக்களான 56 தேசிய ஆன்மீகச் சபைகளின் உறுப்பினர்கள் வாக்களித்து முதல் உலக நீதி மன்றத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தங்களுக்கு யாரும் வாக்களிக்க வேண்டாம் என்று திருக்கரங்கள் முன்பே கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் பாதுகாவலரை நியமிக்க வழி எதுவும் இல்லை என்று அம்மன்றம் அதே ஆண்டு அக்டோபரில் அறிவித்தது.

இதற்கிடையில் 1960 இல், திருக்கரங்களில் ஒருவரான சார்ல்ஸ் மேசன் ரெமி தாமே இரண்டாம் பாதுகாவலர் என்று அறிவித்தார். அவர் உலக நீதி மன்றத்துக்கு முன்னோடியாக 1951 இல் அமைக்கப்பட்ட பன்னாட்டு பஹாய் மன்றத்தின் தலைவராக நியமிக்கப்பட்டவர். அந்த நியமனத்திலேயே வாரிசுரிமை அடங்கியிருக்கிறது என்பது அவர் வாதம். உயில் இல்லை என்று 1957 இல் வெளியான அறிக்கையில் அவரும் கையெழுத்திட்டிருந்தார் என்பது மறுதரப்பின் விடை. ரெமி விலக்கப்பட்டார்; 1974 இல் மறைந்தார். இன்று இணையத்தில் தங்களை மரபுவழி பஹாய்கள் என்று சொல்லிக்கொள்பவர்களும் வேறு சில சிறு குழுவினரும் இந்தக் கிளையிலிருந்து வந்தவர்கள்.

விமர்சகர்களின் கையில் இருக்கும் வலுவான ஆயுதம் ஷோகி எஃபெண்டி 1934 பிப்ரவரியில் எழுதிய நீண்ட கடிதம். பாதுகாவலர் பதவி இல்லாவிட்டால் பஹாவுல்லாவின் உலக ஒழுங்கு ஊனமடையும் என்ற கருத்து அதில் உண்மையாகவே இருக்கிறது. இந்தப் பகுதி எடுத்துக்காட்டப்படும்போது அது பொய் என்றோ திரிபு என்றோ நம்பிக்கையாளர் சொல்லிவிடக் கூடாது. சொன்னால், மூல நூலைத் திறந்து பார்க்கும் நடுநிலையாளர் அந்தக் கணத்தோடு அவரை நம்புவதை விட்டுவிடுவார். ஏற்றுக்கொண்டுவிட்டு, தம் தரப்புக்கு வலுச் சேர்க்கும் இடத்தைக் காட்டலாம்: பஹாவுல்லாவின் சட்ட நூலான கிதாப்-இ-அக்தஸின் 42 ஆம் பத்தி, அறக்கொடைகளின் பொறுப்பு அவருடைய வழித்தோன்றல்களுக்குப் பின் நீதி மன்றத்துக்குப் போகும் என்றும், அதுவரை மன்றம் அமையாதிருந்தால் பஹாவின் மக்களிடம் செல்லும் என்றும் சொல்கிறது. வழித்தோன்றல்களின் வரிசை மன்றம் அமைவதற்கு முன்பே அறுந்துபோகக்கூடும் என்பதை அந்நூலே எண்ணிப்பார்த்திருக்கிறது என்று இதிலிருந்து வாதிக்கலாம். இந்தப் பத்தி அறக்கொடைகளைப் பற்றியதே ஒழியச் சட்டமியற்றும் அதிகாரத்தைப் பற்றியது அல்ல என்று விமர்சகர் மறுக்கலாம். அந்த மறுப்பிலும் பொருள் இருக்கிறது. வாதம் இந்த இடம் வரை வந்தாலே அது நல்ல வாதம்.

உயிலே போலி என்ற குற்றச்சாட்டும் அடிக்கடி வரும். 1920களின் இறுதியில் அமெரிக்கரான ரூத் ஒயிட் இதை எழுப்பினார். 1930 இல் ஆங்கிலேயக் கையெழுத்து ஆய்வாளர் ஒருவரின் அறிக்கையையும் பெற்றார். இதை எடுத்துக்காட்டுபவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: ஆய்வாளர் பார்த்தது மூலத்தையா, நிழற்படத்தையா? அவர் பார்த்தது நிழற்படங்களை. மேலும், நிர்வாகத்தைக் கடுமையாக எதிர்த்துத் தனிச் சங்கம் நடத்திய அகமது சோராபே அந்த உயில் உண்மையானது என்று ஏற்றவர். எதிரியின் எதிரி சொல்வதைக் கேட்டுப் பார்ப்பது இத்தகைய வாதங்களில் மிகவும் பயனுள்ள பழக்கம்.

நீதிமன்றத் தீர்ப்புகளையும் இரு தரப்பினரும் தமக்குச் சாதகமாக எடுத்து வீசுவார்கள். 1941 இல் அமெரிக்கத் தேசிய சபை சோராபின் குழுவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், ஒரு சமயத்தின் பெயருக்கு யாரும் தனியுரிமை கொண்டாட முடியாது என்று நியூயார்க் நீதிமன்றம் கருதியது. 1966 இல் சிகாகோவில் ரெமியின் ஆதரவாளர்களுக்கு எதிராக அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை கிடைத்தது. அத்தடை பிற்காலக் குழுக்களையும் கட்டுப்படுத்தும் என்று தொடுக்கப்பட்ட வழக்கைக் கீழ் நீதிமன்றம் 2008 இலும், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010 இலும் தள்ளிவிட்டன. இவற்றைப் படிக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது, பிந்தைய வழக்கில் நீதிபதிகள் ஆராய்ந்தது பழைய தடை புதிய ஆட்களைக் கட்டுப்படுத்துமா என்ற சட்டக் கேள்வியை மட்டுமே என்பது. உண்மையான வாரிசு யார் என்று அவர்கள் சொல்லவில்லை. அதைச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை அல்ல என்றே கருதினார்கள். ஆகவே, நீதிமன்றமே எங்களை ஏற்றது என்று எவர் எழுதினாலும் தீர்ப்பின் வாசகத்தைக் கேளுங்கள்.

மேற்கோளின் படிநிலையைப் பாருங்கள்

பஹாய் வாதங்களில் எல்லா மேற்கோள்களுக்கும் ஒரே எடை கிடையாது. இதை அறியாத விமர்சகர் வீணாகத் தோற்கிறார், அறிந்தும் மறைக்கும் நம்பிக்கையாளர் வீணாக வெல்கிறார். பஹாவுல்லாவின் எழுத்தும் அவருக்கு முன்னோடியான பாபின் எழுத்தும் வேதநிலையில் உள்ளவை. அப்துல் பஹாவும் ஷோகி எஃபெண்டியும் அவற்றுக்கு அதிகாரபூர்வமாக விளக்கம் சொல்லும் உரிமை பெற்றவர்கள். ஷோகி எஃபெண்டியின் சார்பில் செயலாளர்கள் எழுதிய கடிதங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவை அவருடைய சொந்த நூல்களுக்குச் சமமான நிலையில் வைக்கப்படுவதில்லை. உலக நீதி மன்றம் சட்டம் இயற்றலாம், தெளிவுபடுத்தலாம். வேதத்துக்கு அதிகாரபூர்வ விளக்கம் சொல்லும் பொறுப்பைத் தனக்கு உரியதாக அது கோருவதில்லை. அம்மன்றம் நேரடியாக எழுதிய கடிதமும், அதன் செயலகத் துறை ஒரு தனிநபரின் கேள்விக்கு எழுதிய விடையும் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் கீழே புனிதப் பயணிகளின் குறிப்புகள் இருக்கின்றன: ஹைஃபாவுக்கோ அதன் அருகிலுள்ள அக்கா நகருக்கோ சென்று வந்தவர்கள் தாங்கள் கேட்டதாக எழுதிக்கொண்டவை. இவற்றுக்கு அதிகாரம் இல்லை என்பது ஷோகி எஃபெண்டியின் நிலைப்பாடு. விந்தை என்னவென்றால், இணையத்தில் மிகவும் பரபரப்பாகப் பரவும் வாசகங்கள், புகழ்ச்சியானாலும் இகழ்ச்சியானாலும், பெரும்பாலும் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தவை.

எனவே ஒரு மேற்கோள் கண்ணில் பட்டதும் யார் எழுதியது, யாருக்கு எழுதியது, எந்தத் தேதியில், மூலமொழி எது என்ற நான்கையும் கேளுங்கள். தேதி இல்லாத கடிதத்தை எந்தத் தரப்பும் சான்றாக வைக்கக் கூடாது. முற்றுப்புள்ளிகள் மூன்று வரிசையாக வரும் இடத்தில் என்ன விடுபட்டது என்று தேடுவதும் அவசியம். பஹாய் உலக மையம் மூல நூல்களைத் தன் இணைய நூலகத்தில் இலவசமாக வைத்திருப்பதால் முழுப் பத்தியையும் படிப்பது கடினமாக இல்லை.

இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒரு பழைய குற்றச்சாட்டு, கிதாப்-இ-அக்தஸை மறைத்து வைத்தார்கள் என்பது. ஏறக்குறைய 1873 இல் முற்றுப்பெற்ற அந்நூலின் அரபு மூலம் பஹாவுல்லாவின் வாழ்நாளிலேயே பம்பாயில் அச்சாகிவிட்டது. ஆங்கிலத்தில் முதலில் 1961 இல் வெளியிட்டவர்கள் எல்டர், மில்லர் என்ற கிறித்தவர்கள். பஹாய் நிர்வாகம் 1973 இல் ஒரு சுருக்கத்தையும் 1992 இல் தான் முழு மொழிபெயர்ப்பையும் வெளியிட்டது. மறைத்தார்கள் என்பது மிகை. ஆனால் சட்ட நூலின் ஆங்கில வடிவத்துக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது ஏன் என்ற கேள்வி நியாயமானது. அதற்குத் தக்க குறிப்புகளோடு வெளியிட வேண்டியிருந்தது என்ற விடையை ஏற்பதும் ஏற்காததும் படிப்பவரைப் பொறுத்தது.

தண்டனைகளைக் குழப்பாதீர்கள்

எனக்குத் தெரிந்தவரை, இந்த வாதங்களில் மிக அதிகமான சேதத்தை விளைவிப்பது இந்தக் குழப்பம். நிர்வாகம் ஒருவர் மீது எடுக்கக்கூடிய நடவடிக்கைகள் மூன்று. மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்றே சொல்லலாம்.

ஒருவருடைய நிர்வாக உரிமைகள் நிறுத்தப்படலாம். பெற்றோர் சம்மதம் பெறாத திருமணம், வெளிப்படையான மதுப்பழக்கம், கட்சி அரசியல் போன்றவை இதற்குக் காரணமாகலாம். தேசிய ஆன்மீகச் சபை இம்முடிவை எடுக்கும். அவர் பஹாயாகவே இருப்பார். ஆனால் வாக்களிக்கவும், சமய நிதிக்கு நன்கொடை தரவும், பத்தொன்பது நாளுக்கு ஒருமுறை நடக்கும் சமூகக் கூட்டமான பத்தொன்பதாம் நாள் விருந்தில் கலந்துகொள்ளவும் முடியாது. அவரோடு பேசவோ பழகவோ தடை இல்லை. பின்னாளில் உரிமைகள் மீட்டளிக்கப்படுவதும் உண்டு.

இரண்டாவது, உறுப்பினர் பட்டியலிலிருந்து பெயரை நீக்குவது. தாமாக விலகுபவர்கள் இதில் பெரும்பான்மை. 1990களின் இறுதியிலிருந்து, வெளிப்படையாக எழுதிய சிலரை உறுப்பினருக்கு உரிய தகுதி இல்லை என்று உலக நீதி மன்றமே நீக்கியதும் நடந்திருக்கிறது. விமர்சகர்களின் கோபம் இங்கேதான் நியாயமான இடத்தைத் தொடுகிறது என்பது என் கருத்து: நீக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே எச்சரிக்கை இருந்ததா, தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பு இருந்ததா, மேல்முறையீடு உண்டா என்று கேட்பது எந்த அமைப்பைப் பற்றியும் கேட்கக்கூடிய கேள்வி. அதைச் சமயப் பகை என்று ஒதுக்குவது விடையாகாது. அதேவேளை, இவ்வாறு நீக்கப்பட்டவர்கள் ஒதுக்கிவைக்கப்படுவதில்லை. குடும்பத்தாரும் நண்பர்களும் அவர்களோடு பழகலாம்.

மூன்றாவதே உடன்படிக்கையை முறித்தவர் என்ற அறிவிப்பு. தலைமையின் அதிகாரத்தை எதிர்த்துப் பிளவை உண்டாக்க முயல்பவர் என்று கருதப்படுபவருக்கு மட்டுமே இது உரியது. உள்ளூர்ச் சபையோ தேசிய சபையோ இதை அறிவிக்க முடியாது, உலக நீதி மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். இவர்களோடு பஹாய்கள் பேசுவதும் பழகுவதும் கிடையாது. ஷோகி எஃபெண்டியின் காலத்தில் அவருடைய சொந்தக் குடும்பத்தினர் பலரும் இந்நிலைக்கு ஆளானார்கள். இதை நம்பிக்கையாளர்கள் தயக்கமின்றி ஒப்புக்கொள்ளலாம், அவர்களுடைய வரலாறுகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இந்த மூன்றையும் பிரித்த பிறகு செய்ய வேண்டியது எளிது. விமர்சகர் “பஹாய்கள் விலகியவர்களை ஒதுக்குகிறார்கள்” என்று எழுதினால் எந்த வகையினரைச் சொல்கிறார் என்று கேளுங்கள். பொதுவாகச் சொன்னால் அது தவறு. நம்பிக்கையாளர் “எங்களிடம் ஒதுக்கிவைத்தலே கிடையாது” என்று எழுதினால் அதுவும் தவறு. தமக்குப் பிடிக்காத கேள்வியைக் கேட்பவரை உடன்படிக்கையை முறித்தவர் என்று ஒரு சாதாரண உறுப்பினர் அழைப்பது அவருடைய சமய விதிப்படியே அவருக்கு அதிகாரம் இல்லாத செயல். இதைச் சுட்டிக்காட்டும் உரிமை விமர்சகருக்கு உண்டு. சுட்டிக்காட்டினால் பெரும்பாலும் வாதத்தின் சூடு தணியும்.

நடைமுறையைக் குறை கூறும்போது

தேர்தல் முறையை விமர்சிப்பவர் முதலில் அது எப்படி நடக்கிறது என்று சரியாகச் சொல்லிவிட்டு விமர்சிக்க வேண்டும். வேட்பாளர் இல்லை, பரிந்துரை இல்லை, பிரச்சாரம் இல்லை, இரகசிய வாக்கு. உள்ளூரில் ஒன்பது பேர் ஆண்டுதோறும் ரித்வான் என்ற திருவிழாக் காலத்தில் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். பிரதிநிதிகள் தேசிய சபையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேசிய சபைகளின் உறுப்பினர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை உலக நீதி மன்றத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதில் மோசடி நடக்கிறது என்று சான்றின்றி எழுதுவதைவிட, அமைப்பின் உள்ளே இருக்கும் இழுவையைச் சுட்டுவது வலுவான விமர்சனம்: பிரச்சாரம் இல்லாதபோது ஏற்கெனவே பெயர் அறியப்பட்டவர்களே மீண்டும் தேர்வாகிறார்கள், 1973 இல் அமைக்கப்பட்ட பன்னாட்டுப் போதனை மையத்தின் உறுப்பினர்களை உலக நீதி மன்றம் நியமிக்கிறது, பின்னர் அந்த மன்றத்துக்கே தேர்வாகிறவர்களில் பலர் அம்மையத்தில் பணியாற்றியவர்கள். நம்பிக்கையாளருக்கும் இங்கே நல்ல விடை உண்டு. பணமும் கட்சியும் விளம்பரமும் நுழையாத தேர்தல் முறை வேறு எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

வெளியீட்டுக்கு முந்தைய மதிப்பாய்வு பற்றிய வாதம் வேறு வகையானது. பஹாய்கள் தம் சமயத்தைப் பற்றி எழுதி வெளியிடுவதை நிர்வாகம் முன்கூட்டியே பார்வையிடும் வழக்கம் அப்துல் பஹாவின் காலத்திலிருந்து வருகிறது. ஷோகி எஃபெண்டி அதைத் தற்காலிக ஏற்பாடு என்றே விவரித்தார். 1980களில் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ‘டயலாக்’ என்ற இதழ், சீர்திருத்த யோசனைகளைக் கொண்ட ஒரு கட்டுரை மதிப்பாய்வில் சிக்கியதைத் தொடர்ந்து நின்றுபோனது. 1990களின் நடுவில் பஹாய் அறிஞர்களின் மின்னஞ்சல் விவாதங்கள் முரண்பாட்டில் முடிந்தன. வரலாற்றாசிரியர் ஹுவான் கோல் 1996 இல் சமயத்திலிருந்து விலகினார். 1998 இல் அமெரிக்க பஹாய் சமூகத்தைக் கண்காணிப்புக் கூடம் என்று விமர்சிக்கும் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். உலக நீதி மன்றம் 1999 ஏப்ரல் 7 இல் தேசிய சபைகளுக்கு எழுதிய கடிதத்தில் இத்தகைய போக்கை உள்ளிருந்து எழும் எதிர்ப்பு இயக்கமாகக் கண்டது. விலகியவர்களின் எழுத்தை மனக்கசப்பின் சமூகவியலாக ஆராய்ந்து பஹாய் அறிஞர் மூஜன் மோமென் 2007 இல் எழுதினார். அதில் குறிப்பிடப்பட்டவர்கள் மறுப்பும் எழுதினார்கள். இன்று இணையத்தில் காணும் வாதங்களில் பெரும்பகுதி இந்த நான்கைந்து எழுத்துகளின் எதிரொலி. இவற்றை ஒருமுறை நேரடியாகப் படித்துவிட்டால், பதிவுகளில் வரும் பாதிச் சொற்றொடர்கள் எங்கிருந்து வந்தவை என்று தெரிந்துவிடும். கோலை மட்டும் படித்தவரும் மோமெனை மட்டும் படித்தவரும் வாதிடத் தொடங்க வேண்டாம்.

பெண்கள் உலக நீதி மன்றத்தில் இடம்பெற முடியாது என்பது உண்மை. தேசிய, உள்ளூர்ச் சபைகளிலும் ஆலோசகர்களாகவும் அவர்கள் இருக்கிறார்கள், திருக்கரங்களிலும் இருந்தார்கள். இதன் ஞானம் பின்னாளில் நண்பகல் சூரியனைப் போல விளங்கும் என்று அப்துல் பஹா சொன்னதை நம்பிக்கையாளர்கள் எடுத்துக்காட்டுவார்கள். 1901 இல் சிகாகோவில் அமைந்த சபையும் முதலில் ஆண்களுக்கு மட்டும் என்றே இருந்து பின்னர் பெண்களுக்குத் திறக்கப்பட்டது என்பதை வைத்து, உலக அளவிலான விலக்கும் தற்காலிகமானதே என்று சீர்திருத்தவாதிகள் வாதிடுவார்கள். 1988 மே 31 தேதியிட்ட கடிதத்தில் உலக நீதி மன்றம் அந்த வாதத்தை மறுத்துவிட்டது. இந்த இடத்தில் நம்பிக்கையாளர் ஆண் பெண் சமத்துவம் பற்றிய பொதுவான வாசகங்களை அடுக்குவது உதவாது. விதி இதுதான், நாங்கள் நம்பிக்கையால் ஏற்கிறோம் என்று சொல்வதே நேர்மையான விடை.

எண்ணிக்கைச் சண்டையில் நெடுநேரம் செலவிட வேண்டாம். இந்தியாவில் 20 இலட்சம் பஹாய்கள் என்ற சமூகத்தின் கணக்கும், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் 4,572 என்ற எண்ணும் அடிக்கடி மோதும். முதலாவது 1960கள் முதல் கிராமங்களில் கையெழுத்திட்டவர்களின் பெயர்ப் பட்டியலைச் சார்ந்தது. இரண்டாவது கணக்கெடுப்பாளரிடம் தம் மதம் இதுவென்று சொன்னவர்களைச் சார்ந்தது. இரண்டும் இரண்டு வெவ்வேறு பொருள்களை அளக்கின்றன. எதைச் சொன்னாலும் எந்தக் கணக்கு என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

ஈரான் என்ற சொல் வரும்போது

நிர்வாகத்தின் மீதான விமர்சனம் எங்கே முடிகிறது, அரசுப் பிரச்சாரம் எங்கே தொடங்குகிறது என்று அறிவதற்குச் சில அடையாளங்கள் உண்டு. சமயமே உருசியரோ ஆங்கிலேயரோ உருவாக்கியது என்று எழுதுபவர் பெரும்பாலும் டால்கோருகோவின் நினைவுக்குறிப்புகள் என்ற ஆவணத்தை நம்பி எழுதுகிறார். டெஹ்ரானில் உருசியத் தூதராக இருந்த அவர் பெயரில் அவருடைய காலத்துக்கு வெகு பின்னர் ஈரானில் புனையப்பட்ட போலி அது. பஹாய்களைக் கடுமையாக விமர்சித்த ஈரானிய வரலாற்றாசிரியர் அகமது கஸ்ரவியே அதைப் போலி என்றார். உலக மையம் இசுரேலில் இருப்பதைச் சதிக்குச் சான்றாகக் காட்டுபவருக்கு, பஹாவுல்லா அக்காவுக்கு நாடுகடத்தப்பட்டது 1868 இல், உதுமானியர் ஆட்சியில் என்பதும், இசுரேல் அரசு 1948 இல் தோன்றியது என்பதும் போதுமான விடை.

இதற்கு மறுபுறமும் உண்டு. ஈரானில் 1979 க்குப் பின் 200 க்கும் மேற்பட்ட பஹாய்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களது முன்னேற்றத்தை முடக்க வேண்டும் என்ற 1991 ஆம் ஆண்டு அரசு ஆவணம் 1993 இல் ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்புப் பிரதிநிதியால் வெளிக்கொணரப்பட்டது. 2008 இல் அங்கே சமூகப் பணிகளைக் கவனித்துவந்த எழுவரும் சிறைப்பட்டார்கள். இவை மறுக்க முடியாதவை. மறுப்பவரோடு வாதிடுவதில் பயனில்லை. ஆனால் மதிப்பாய்வையோ உறுப்பினர் நீக்கத்தையோ பற்றிக் கேட்பவருக்கு விடையாக இந்தத் துயரங்களை முன்வைப்பது இறந்தவர்களையும் கேட்டவரையும் ஒருசேர அவமதிப்பதாகும். அதைப்போலவே 1872 இல் அக்காவில் பஹாவுல்லாவுக்குப் போட்டியாக நின்ற சுப்ஹ்-இ-அஸலின் ஆதரவாளர்களான மூன்று அஸலிகளைச் சில பஹாய்கள் கொன்றதை விமர்சகர் எழுப்பும்போது அவதூறு என்று கொதிக்க வேண்டாம். ஷோகி எஃபெண்டி எழுதிய வரலாற்றிலேயே அது கண்டனத்தோடு பதிவாகியிருக்கிறது. நடந்தது என்று ஒப்புக்கொண்டு, பஹாவுல்லா அதைக் கண்டித்தார் என்ற செய்தியை அதன் பக்கத்தில் வைத்தால் போதும்.

இரு தரப்பினருக்கும் பொதுவான ஒரு கட்டுப்பாடு: ஈரானில் வாழும் எவருடைய பெயரையும், படத்தையும், ஊரையும், உறவையும் வாதத்தில் கொண்டுவரக் கூடாது. அவர்களைப் புகழ்வதற்காகக்கூட வேண்டாம். திரைப்பிடிப்புகளில் தனியார் பெயர்கள் தெரிந்தால் மறைத்துவிட்டு வெளியிடுங்கள். விலகியவர்களின் தனி மடல்களுக்கும் இதே விதி பொருந்தும்.

மௌனத்தைப் படிக்கும் முறை

வாதம் நடுவில் நின்றுபோகும்போது அதைத் தோல்வி என்று எழுதிக்கொள்ளும் வழக்கம் விமர்சகர்களிடம் பரவலாக இருக்கிறது. பஹாய்க்கு எதிரில் இருப்பவர் உடன்படிக்கையை முறித்தவர் என்று அறிவிக்கப்பட்டவர் எனத் தெரிந்தால் அவர் விலகிக்கொள்ளவே செய்வார். அவர்களுடைய எழுத்தைப் படிப்பது விலக்கப்படவில்லை என்றாலும் கடுமையாக எச்சரிக்கப்பட்டிருக்கிறது. அத்துடன், புறங்கூறுவதையும் சண்டையாக வாதிடுவதையும் அவர் சமய நூல்கள் வன்மையாகக் கண்டிக்கின்றன. ஒரு கட்டத்துக்கு மேல் நிறுத்திவிடுவது அவருக்குக் கடமையாகத் தோன்றலாம். கட்சி அரசியல் தொடர்பான கேள்விக்கு அவர் விடை தராதிருப்பதும் இதைப்போன்றதே. விடையின்மையிலிருந்து விடையைப் பற்றி எதையும் முடிவு செய்ய முடியாது.

ஆனால் நம்பிக்கையாளரும் சொல்லாமல் மறைந்துவிடக் கூடாது. ஒரே ஒரு வரி போதும்: இந்த உரையாடலைத் தொடர என் சமய விதி எனக்கு இடம் தரவில்லை, நீங்கள் கேட்ட கேள்விக்குத் தொடர்பான மூல வாசகம் இன்ன நூலின் இன்ன பத்தியில் இருக்கிறது, அதைப் படித்து நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். இந்த வரி கிடைத்த பிறகு விமர்சகர் அவரைத் தொடர்ந்து சீண்டாமல், அப்பத்தியைப் படித்துத் தம் மறுப்பை வாசிப்பவர்களுக்காக மட்டும் எழுதிவைப்பது முறை.